ரோட்டுக்கு மேலே பதினோரு அடி

அக்டோபர் 6, திங்கள்

பிரசாந்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஆயக்குடியிலிருந்து மலையேறி, வீட்டு பிளான் போடும் இந்த ஆபீஸுக்கு வந்து ஆறு மாதம்தான். அதற்குள் நான் எழுதிய பிளகின் புரோகிராமில் கை வைத்துவிட்டான். "மெதுவா ஓடுச்சுக்கா, வெரசா ஓட வெச்சிருக்கேன்" என்கிறான். யாருடா கேட்டது உன்னை?

சர்வேயர் மயில்சாமி அண்ணன் மனையின் மேடு பள்ளத்தை அளந்து தரும் லெவல் பட்டியலை அது படிக்கும். மண் மேடாக இருந்தால் தடுப்புச்சுவர், பள்ளமாக இருந்தால் தூண் என்று கம்ப்யூட்டர் பிளானில் தானாகவே வரைந்துவிடும். மூன்று வருடம் உட்கார்ந்து எழுதியவள் நான். ஆபீஸை நடத்தும் குருநாதன் சார் வருகிறவர்களிடம் "எங்க சாப்ட்வேர்" என்பார். எங்களுதாம்!

அக்டோபர் 8, புதன்

பள்ளங்கி கிராமத்தில் எங்கள் பிளானை வைத்து அழகம்மாள் வீட்டைக் கட்டுகிற மாரிமுத்து கொத்தனார் போன் செய்தார். "ஏந்தாயி, பிளான்ல பின்பக்கம் தூண் போட்டிருக்கு. இங்க மண்ணு என் தலைக்கு மேல நிக்குது. செவரு எங்க?"

பிளானை நம்பி மேட்டை வெட்டியாகிவிட்டது. வெட்டிய மேட்டின் விளிம்பில் பக்கத்து மனை நாச்சியம்மாள் வீடு. அவளும் இரண்டு பிள்ளைகளும். மழையோ விடுவதாக இல்லை.

சார் கத்தினார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பிரசாந்த் கை வெச்ச பிறகுதான் சார் இப்படி."

"அந்த இடத்தையே நான் தொடலக்கா" என்றான். வாயை மூடு என்றேன்.

"தீபாவளிக்கு ஊருக்குப் போகணும்னேல்ல? இன்னைக்கே கெளம்பு. அங்கயே இருந்துக்க" என்றார் சார். டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எழுத மாட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

அவன் எங்கே கெடுத்தான் என்று ஆதாரத்தோடு காட்டிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். அவன் வருவதற்கு முன்னால் இருந்த பிளகினை எடுத்து அதே பட்டியலைக் கொடுத்தேன். அதே தூண்.

ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். 212ஆவது வரி. நான் எழுதியது. எல்லா எண்ணுக்கும் முன்னால் கழித்தல் குறி போடும் வரி.

இந்த மலையில் யாராக இருந்தாலும் ரோட்டில் நின்றுதான் கீழே அளப்பார்கள். வீடெல்லாம் ரோட்டுக்குக் கீழேதானே. மயில்சாமி அண்ணன் 11 என்று எழுதினால் பதினோரு அடி கீழே என்று அர்த்தம். குறி போட மாட்டார். அபூர்வமாக ரோட்டுக்கு மேலே மண் இருந்தால் பக்கத்தில் 'மே' என்று எழுதுவார். பள்ளங்கிப் பட்டியலில் எழுதித்தான் இருக்கிறார். என் வரி எழுத்தைத் தள்ளிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது. மேலே இருந்த மேடு கீழே பள்ளமாகிவிட்டது.

எனக்குத் தெரியாததா என்கிற திமிர். வேறென்ன?

திருத்திவிட்டேன். பதினோரு அடிச் சுவர் வந்தது. புதுப் படத்தை மத்தியானமே பள்ளங்கிக்கு அனுப்பிவிட்டேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 11, சனி

இன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

எனக்கு அவனைப் பிடிக்காது, அது வேறு விஷயம். ஆனால் செய்யாததற்குப் போனானே. உண்மையைச் சொல்லி இந்த வேலை போனால் இந்த ஊரில் எனக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? ஓட்டலில் ரூம் சாவி எடுத்துக் கொடுக்கலாம். ச்சீ.

அக்டோபர் 17, வெள்ளி

சாருடன் பள்ளங்கி போனேன். சுவர் இடுப்பளவு ஏறியிருக்கிறது. எங்களைப் பார்த்ததும் நாச்சியம்மாள் மேலிருந்தே கத்தினாள். "எவன்யா பிளான் போட்டது? பிள்ளைகள தங்கச்சி வீட்ல விட்டுட்டு ஒத்தையில கெடக்கேன்."

"அந்தப் பயல அன்னைக்கே தொரத்தியாச்சும்மா. இந்தப் புள்ளதான் தப்பக் கண்டுபிடிச்சுச்சு" என்றார் சார்.

அவள் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லாருப்ப தாயி."

என்னால் தாங்க முடியவில்லை. "தப்புப் பண்ணுனது நான்தான். அந்தப் பையன் ஒண்ணும் பண்ணல. என் தப்ப அவன் தலையில கட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

கையை உருவிக்கொண்டாள். சார் விறுவிறுவென்று ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

அக்டோபர் 23, வியாழன்

"படம் தப்பாப் போனா திருத்திக்கலாம். உன்னைய வெச்சுக்கிட்டு நான் யார நம்புறது? பிரசாந்த் திங்கக்கிழமை வர்றான். எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டுப் போ" என்றார் சார்.

பார்க்காமலே அந்தப் பிளானில் கையெழுத்துப் போட்டவர் இவர். அதை யார் கேட்பது? நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

அக்டோபர் 27, திங்கள்

பிரசாந்த் வந்தான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சொல்லிக் கொடுத்தேன். நோட்டில் எழுதிக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிச்சிருடா என்றேன். எழுதிக்கொண்டே இருந்தான்.

கிளம்பும்போதுதான் வாய் திறந்தான். "ஆபீஸ் சாவிய மேசை மேல வெச்சிருங்க மேடம்."

ஆறு மாதமாக அக்கா என்று கூப்பிட்டவன். வைத்துவிட்டு வந்தேன்.