சௌந்திரத்தின் புதுத்தோல்

1943 பிப்ரவரி 9, செவ்வாய்
பட்டாளத்திலிருக்கும் கொழுந்தனார் சொல்லியனுப்பினாராம். இவர் இன்று அவர் பெண்டாட்டி சௌந்திரத்தைச் சேலத்துத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போய் வந்தார். பருத்தழும்பு போக முகம் முழுக்க ஏதோ ஆசிட் தடவினார்களாம். எரிகிறது என்று அழுகிறாள். அழட்டும். அம்மைத் தழும்போடு பதினொரு வருஷமாய் இந்த வீட்டில் இருக்கிறேன். எனக்கென்று ஒரு டாக்டர் பேரையாவது இவர் விசாரித்ததுண்டா?

பிப்ரவரி 13
அவள் முகம் கறுத்து, வெங்காயச் சருகுபோல் உரிகிறது. எனக்குச் சந்தோஷமாயிருந்தது. எழுதவே வெட்கம்.

பிப்ரவரி 20
உள்ளேயிருந்து வந்த தோல்! பிறந்த குழந்தையின் தோல்போல் இளஞ்சிவப்பு. சாப்பிடும்போது இவர், "சௌந்திரம் ஆளே மாறிப்போச்சு பாரு" என்றார். என்னிடமா சொல்லவேண்டும்?

தோல் உரிந்தபின் எப்படி இருக்கவேண்டுமென்று டாக்டர் எழுதிய சீட்டை மாலையில் அவள் நீட்டினாள். "படிச்சுச் சொல்லுங்கக்கா." இந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்; இவருக்கும் தெரியாது. கிள்ளக் கூடாது, மஞ்சள் கூடாது, தேங்காயெண்ணெய் தடவலாம் — வாசித்தேன். 'மூன்று மாதம் வெயில் படக் கூடாது, பட்டால் கறுத்துவிடும்' — அதை மட்டும் வாசிக்கவில்லை. ஏன்? தெரியாது. இல்லை, தெரியும்.

மார்ச் 3
பருத்தி எடுக்கப் போனோம். "நானும் வரட்டுங்களாக்கா?" என்றாள். வா என்றேன். நான் முக்காடு போட்டிருந்தேன். அவள் போடவில்லை.

மார்ச் 17
நெற்றியிலும் கன்னத்திலும் திட்டுத் திட்டாய்க் கறுப்பு. பழைய தழும்பே தேவலை. அடுத்த மாதம் கொழுந்தனார் லீவில் வருகிறார். அவள் கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாள். இவரும் அவளைப் பற்றிப் பேசுவதில்லை. இதைத்தானே கேட்டாய், ராஜம்மா? அப்புறம் ஏன் சோறு இறங்கமாட்டேன் என்கிறது?

மார்ச் 22
நானே அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சீறினார். "வெயில் ஆகாதுன்னு எழுதிக் குடுத்தேனே. யாரும் படிச்சுச் சொல்லலையா?"

சௌந்திரம் முந்திக்கொண்டாள். "அக்கா படிச்சாங்க சாமி. நாந்தான் மறந்துட்டனுங்க."

கறை மங்க ஒரு வருஷம் ஆகலாம், மங்காமலும் போகலாம் என்றார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்லிவிட்டேன். "நீ மறக்கல புள்ள. நாந்தான் அந்த வரியப் படிக்கல."

"ஏனுங்கக்கா?"

அவ்வளவுதான் கேட்டாள். பஸ் வந்தது; நான் ஏறிக்கொண்டேன். அவள் வேறு ஸீட்டில் போய் உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 6
கொழுந்தனாரிடமிருந்து கடிதம். வழக்கம்போல் கை நீட்டினேன். சௌந்திரம் அதை மடியில் செருகிக்கொண்டு, முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டு, வாத்தியார் வீட்டுப் பக்கம் நடந்தாள்.