கன்னம் பட்ட இடம்

மார்ச் 3, செவ்வாய்
ஆறு நாற்காலியும் ஓர் அலமாரிக் கதவும் பாலிஷுக்குக் காத்துக் கிடக்க, அண்ணன் அப்பாவின் துப்பாக்கியோடு என் பட்டறைக்கு வந்தான். முழுத் துப்பாக்கி இல்லை. இரும்பையெல்லாம் துப்பாக்கி ரிப்பேர்காரர் கழற்றி வைத்துக்கொண்டு, தோளில் அணைக்கும் மரக்கட்டையை மட்டும் கொடுத்திருக்கிறார். இனிச் சுடுவதற்கில்லை, கூடத்தில் அப்பா படத்துக்குக் கீழே மாட்டத்தான். "இருபத்தொம்பதாம் தேதி அப்பா போய் ஒரு வருஷம். சொந்தக்காரங்க வருவாங்க. கண்ணாடி மாதிரி இருக்கணும், பாலிஷ்." தங்கையை இப்படிக் கூப்பிடுகிறவன் இவன் ஒருவன்தான்.

மார்ச் 5, வியாழன்
பழைய வார்னிஷை உரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாயிற்று. ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறித் தேய்ந்திருந்தது. ஏன் என்று யோசிக்கவில்லை. அப்படி எதையாவது கண்டால் என் கை சும்மா இருக்காதே. சமமாக்கிவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்
முதல் எண்ணெய் பூசினேன். தேய்த்து எடுத்த இடம் திரும்ப வந்துவிட்டது! இப்போது கறுப்பாக. வருஷக்கணக்கில் ஊறிய வியர்வை, எண்ணெய் பட்டதும் காட்டிக்கொடுக்கிறது. கன்னம் வைக்கிற இடம். சரி. ஆனால் கட்டையின் வலப்பக்கம்.

வலது தோளில் வைத்துச் சுட்டால் இடப்பக்கம் அல்லவா தேயும்? என் தோளிலேயே மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அலமாரிக் கதவை வாங்க வந்தவர் பயந்துபோய் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அப்பா வலக்கைக்காரர். அப்படியானால் இது யாருடைய கன்னம்?

மார்ச் 10
அண்ணனிடம் ஃபோனில் கேட்டேன். "அப்பா ரெண்டு கையாலயும் சுடுவாரு." நீ பார்த்தியா? "பாக்கணுமா என்ன? வேலையப் பாரு." வேறு யாரோ வைத்திருந்ததை வாங்கியிருப்பார் என்கிறார் ரிப்பேர்காரர். இல்லை, புதிதாக வாங்கிய ரசீது இருக்கிறது.

மார்ச் 14, சனி
அண்ணன் வீட்டில் சாப்பாடு. அம்மா வெங்காயம் நறுக்கினாள். இடது கையில் கத்தி.

நாற்பத்தாறு வருஷமாகப் பார்க்கிற கை. இன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாங்கள் பிறக்கும் முன், இருவரும் வருஷக்கணக்கில் இருந்த சோளக்காட்டுக் காவலில் ஒருநாள் பன்றியை ஒரே குண்டில் சாய்த்த கதை — அப்பா எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! கதை தொடங்கினாலே அம்மா டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அது இல்லையா? அப்பா பொய்யா சொன்னாரு? இத்தன வருஷமா? வேற எதெல்லாம் பொய்?

அம்மாவைக் கேட்காமலே வீடு திரும்பினேன்.

மார்ச் 15
கருஞ்சாயம் பூசி மறைத்துவிடலாமா? அப்படியே விடலாமா? டப்பாவைத் திறந்தேன். மூடினேன்.

மார்ச் 18, புதன்
அம்மா பட்டறைக்கே வந்துவிட்டாள். "என்னத்த நோண்டிட்டிருக்க? உன் அண்ணன் புலம்புறான்." நான் கட்டையை நீட்டினேன். வாங்கியவள் யோசிக்கக்கூட இல்லை, இடது தோளில் ஏற்றினாள். கன்னம் போய் அந்தக் கறுப்பின்மேல் உட்கார்ந்தது. எழுபத்திரண்டு வயது. கை ஆடவில்லை.

"அவருக்குச் சத்தம் ஆகாதுடி. ரெண்டு காதையும் பொத்திக்குவாரு."

"அப்புறம் ஏம்மா அவர் சுட்டதா —"

"அவருக்குக் கதை சொல்ல வரும். எனக்கு வராது."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "உனக்கு வருத்தமே இல்லையா?"

கட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். "மொத தடவ சொன்னப்போ இருந்துச்சு." கிளம்பும்போது, "இத மறைச்சிடாத" என்றாள்.

மார்ச் 26, வியாழன்
ஏழாவது பூச்சும் காய்ந்து, ரிப்பேர்காரர் இரும்பைப் பூட்டிக் கொடுத்துவிட்டார். கறுப்பு அப்படியே இருக்கிறது. அண்ணன் முகத்தைச் சுளித்து, அந்தப் பக்கத்தைச் சுவரோடு வைத்து மாட்டினான். நான் சண்டை போடவில்லை. போட்டிருக்க வேண்டுமோ?

மார்ச் 29, ஞாயிறு
கூடத்தில் நுழைந்ததும் ஏதோ மாறியிருந்தது. வாசலைப் பார்த்த குழல் இப்போது ஜன்னலைப் பார்க்கிறது. கறுப்பு எல்லார் கண்ணுக்கும் நேராக. "அத்தைதான் ஏறினாங்க. நான் ஸ்டூலப் பிடிச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்" என்று அண்ணி என் காதோடு சொன்னாள்.

சித்தப்பா கேட்க, அண்ணன் பன்றிக் கதையைத் தொடங்கினான். அம்மா டம்ளர்களைத் தொடவில்லை. உட்கார்ந்தே இருந்தாள்.

"ஒரே குண்டு!" என்றான் அண்ணன்.

"ரெண்டு" என்றாள் அம்மா. "மொதக் குண்டு தப்பிடுச்சு."