பூச்சுக்கு அடியில் ஒரு சுழி

தாராவி,
ஆகஸ்ட் 18.

மதிப்பிற்குரிய கணேசபாண்டியன் அண்ணாச்சிக்கு,

முத்துசெல்வம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் சீனியம்மாளும் பிள்ளைகளும் சுகம். வள்ளியூரில் உங்கள் சுகம் தெரியவேண்டும். கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போடவில்லை. காரணம் பின்னால் வருகிறது, கோபிக்க வேண்டாம்.

மழை விட்டபாடில்லை. லோக்கல் ரயில் கல்யாணில் நின்று நின்று போகிறது. நீங்கள் இருந்தால் அம்பர்நாத் கம்பெனி வரும்வரை ரயில்காரனை வைதுகொண்டே வருவீர்கள். இப்போது நான் தனியாக வைகிறேன், ருசியில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சூப்பர்வைசரிடம் உங்களைக் காட்டிக்கொடுத்தது நான்தான். முதல் லென்ஸைப் பூச்சு ஏற்றும் சேம்பருக்குள் வைக்கும் முன், கையுறையைக் கழற்றி விரலால் சுழி போடுவீர்கள். "சுழி போடாமத் தொடங்கினா வெளங்காதுலே" என்பீர்கள். அந்த விரல் பிசுக்கின்மேல் கார்பன் பூச்சு பிடிக்காது. சோதனைக்கு டேப் ஒட்டி உரித்தால் 'உ' வடிவிலேயே பெயர்ந்து வரும். புகைக்குள் ஆளைத் தேடும் தீயணைப்புக் கேமராவின் லென்ஸ் அது. பூச்சு போனால் பார்வை போச்சு. அதனால்தான் சொன்னேன். உங்களை வேலையைவிட்டே அனுப்புவார்கள் என்று நினைக்கவில்லை.

நீங்கள் போன பிறகும் 'உ' வருகிறது, அண்ணாச்சி. முதல் லென்ஸில், அதே இடத்தில், உங்கள் சுழியைப் போலவே வால் நீண்டு. இப்போது சேம்பரில் வைப்பது நான். கையுறையைக் கழற்றுவதே இல்லை. சூப்பர்வைசர் நம்பவில்லை. "தும் லோக் கபி நஹீ சுதரேகா" என்று கத்தினார். நாம் ஒருக்காலும் திருந்தமாட்டோமாம். இன்னொன்று வந்தால் என் சீட்டையும் கிழித்துவிடுவார்.

போன செவ்வாய்க்கிழமை டீ வேளையில் எல்லோரும் வெளியே போனார்கள். சோதனைக்கு வைத்திருக்கும் வெப்பக் கேமராவை, அடுத்து சேம்பருக்குள் போகவேண்டிய முதல் லென்ஸை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடிக்கு நேரே திருப்பிவிட்டுக் காவல் இருந்தேன். திரையில் எல்லாம் குளிர்ந்த கறுப்பு. பிறகு மூடியின்மேல் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. வளைந்தது, சுழித்தது, வலப்பக்கம் வாலாக நீண்டது. விரல் சூடு, அண்ணாச்சி. விரல்தான் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறி மறைந்தது. அந்த லென்ஸுக்குப் பூச்சு ஏற்றி, சாயங்காலம் டேப்பை உரித்தேன், அதே 'உ'. அந்தச் சோதனைத் தாளை நாளை கொடுத்தாகவேண்டும்.

சீனியம்மாளிடம் சொன்னேன். "அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேளுங்க, எல்லாம் சரியாப் போவும்" என்றாள். கேட்கலாமென்றால் உங்கள் போன் நாலு மாதமாக அணைந்தே கிடக்கிறது. நீங்கள் ஊருக்கே வரவில்லை என்கிறார் அங்கிருக்கும் மாசானம். இருந்தாலும் என்னிடம் இருப்பது வள்ளியூர் விலாசம்தான். சூடு இருந்ததே, உயிருள்ள விரலுக்குத்தானே சூடு என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

செய்தது தப்பு, அண்ணாச்சி. உங்களிடம் முதலில் பேசியிருக்கவேண்டும். மன்னியுங்கள். ஒரு வரி போதும், வைதாவது எழுதுங்கள். கீழே உங்கள் பெயர் இருக்கட்டும். வெறும் தாளில் சுழி மட்டும் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள் பதிலுக்காகத் தபால்காரரைப் பார்த்திருக்கும் தம்பி,
முத்துசெல்வம்