நாகலாபுரத்திலிருந்து சேதி வரவில்லை

இன்று காலை கம்ப்யூட்டரில் 'உள்ளே போ' பொத்தானை அழுத்தினேன். ஓடும் வரியைக் காட்டும் மஞ்சள் கோடு, நம் ஸ்கிரிப்டில் நீ எழுதிய பகுதியான மாட்யூலின் வாசல்வரை போய், உள்ளே நுழையாமல் அடுத்த வரிக்குத் தாவிவிட்டது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் தாவியது. பிழை எங்கே என்று தேட, ஸ்கிரிப்டை வரிவரியாக நடத்திக் காட்டத்தான் டீபக்கர் இருக்கிறது. அதுவே உன்னைக் கண்டுகொள்ளாமல் போனதும் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது.

கோபப்பட எனக்கென்ன யோக்கியதை? சித்திரையில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் நீ திரும்பவில்லை. அதன்பிறகு உன் கோப்பு எதையும் நான் திறக்கவில்லை. உன் அய்யாவுக்கு ஒரு போன்கூடப் போடவில்லை.

இப்போது புரட்டாசி. ஊர் ஊராக எவ்வளவு மழை பெய்தது என்று நம் ஸ்கிரிப்ட் வெள்ளாமை பார்க்கும் சம்சாரிகளுக்கு அனுப்புமே, அந்தக் குறுஞ்செய்தி நாகலாபுரத்துக்கு மட்டும் நின்றுபோயிருக்கிறது. "சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா அந்தப் புள்ள எழுதுனதைத் தூக்கிருவோம்மா. வேற வாங்கிப் போட்டுக்கிடலாம்" என்றார் முதலாளி அண்ணாச்சி. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் இந்த ஆபீசில் உன்னுடையது என்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

கோடு வந்து நிற்கட்டும் என்று உன் கோப்பில் சிவப்புப் புள்ளி வைத்துப் பார்த்தேன். அங்கேயும் நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கோவில்பட்டி வெயிலில் ஒரு மேகம் யாரையோ தேடுவதுபோல மெதுவாகப் போனது. அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு டீபக்கரின் அமைப்புகளைக் குடைந்தபோது 'என் நிரல் மட்டும்' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. புதுக் கம்ப்யூட்டருக்கு மாறியபோது உன் மாட்யூலையும் வெளியிலிருந்து இறக்கிய சரக்குகளோடு சேர்த்து நிறுவிவிட்டார்கள். டீபக்கருக்கு நீ அசலூர்க்காரி. டிக்கை எடுத்துவிட்டு அழுத்தினேன்.

கோடு உள்ளே இறங்கியது.

நீ வைத்த பெயர்கள், நீ விடும் இடைவெளிகள், இரண்டு வரிக்கு ஒருமுறை நீ மூச்சு வாங்குவது எல்லாம் அப்படியே இருந்தன. அவசரமில்லாமல், தூக்கத்தில் நடப்பதுபோல உன் பின்னாலேயே போனேன். ஓரிடத்தில் கோடு திரும்பி வெளியேறப் பார்த்தது. மழையளவு இருக்க வேண்டிய இடத்தில் சைபர்கூட இல்லை, வெறுமை. அதன்மேல் நீ எழுதியிருந்தாய்: 'சேதி வராததும் மழை இல்லாததும் ஒண்ணு இல்ல.'

டீக்கடையில் நாம் போட்ட சண்டை அது. "அளவு வரலன்னா சைபர்னு போட்டு அனுப்பிருவோமே" என்றேன்.

"ஏட்டி, மழை இல்லன்னு நம்பி அவிய டிராக்டரைக் கொண்டுபோயி ஈரக் கரிசல்ல எறக்குவாவ. பொதைஞ்சா யாரு தூக்குவா? நீ வருவியா?"

ஆக, உன் மாட்யூல் பழுதாகவில்லை. தெரியாததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. உன் அய்யாவுக்குப் போன் போட்டேன். நாகலாபுரத்து அளவை அனுப்பும் மழைமானி அவர் உழுகிற காட்டில்தானே நிற்கிறது.

"அந்தப் பக்கம் போயே நாளாச்சு தாயி. அவ நட்டு வச்சது, பாக்கத் தெம்பில்ல" என்றார். ஆனாலும் போனார். கொஞ்சநேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. "ஒயரை அணில் கடிச்சிப் போட்டிருக்கும்மா. நீ ஒயர் கொண்டுக்கிட்டு வாரியா?"

"வாரேன் அய்யா" என்றேன்.

உன் குறிப்பை அண்ணாச்சியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அது இருக்கட்டும்மா" என்றார். நான் உன் வரிகளைத் தொடவில்லை. கீழே என் வரி ஒன்றைச் சேர்த்தேன். சாயங்காலம் சம்சாரிகளுக்கு அது போனது: 'நாகலாபுரம்: கருவி பழுது. மழையளவு தெரியவில்லை.'

இத்தனை நாளும் உன் இடத்தில் சைபர் போட்டுவிட்டு நான் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். இனிப் போடமாட்டேன். யாராவது உன்னைக் கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவளிடமிருந்து சேதி வரவில்லை என்பேன்.