அலாகு என் அப்பா இல்லை

அன்புள்ள மகள் அலாகுவுக்கு,

இங்கே நானும் உன்னைப் பெற்ற மனுஷன் சிமியுனியும் என் பௌலுசி சித்தப்பாவும் உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கால் நனையாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். முதல் வரியைப் பார்த்ததும் திடுக்கிட்டிருப்பாய், இது யார் எழுதின கடிதம் என்று கவரைத் திருப்பிக்கூடப் பார்த்திருப்பாய். நான்தான். நீ பிறந்த நாளிலிருந்து அப்பா என்பதைத் தவிர வேறு எப்படியாவது உன்னைக் கூப்பிட்டிருக்கிறேனா, கோபம் வந்தால்கூட என்ன அப்பா இப்படிப் பண்ணுகிறாய் என்றுதானே கத்துவேன். இன்றைக்கு மகள் என்று எழுத வேண்டி வந்துவிட்டது. ஏன் என்று போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தவிரவும் அந்தப் பாழாய்ப்போன போன்தான் நம் குடியைக் கெடுத்தது. அதனால் தெற்கே திரும்பிப் போகிற நர்ஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே உலர்த்தின கலைமான் கறி இருக்கிறது, ஹாஸ்டலில் நாற்றம் என்று எவளாவது மூக்கைப் பிடித்தால் பிடித்துக்கொள்ளட்டும், நீ தின்னு.

உதவித்தொகையை ஏன் நிறுத்தினார்கள், அறையைக் காலி பண்ணச் சொல்கிறார்களே என்று நீ அழுதபோது எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். தெரியும். உதவித்தொகை ஆபீசிலிருந்து ஒரு பையன் போன் பண்ணினான், நான் அப்போதுதான் மீனை அறுத்துக்கொண்டிருந்தேன், கையெல்லாம் ரத்தம், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். வருஷா வருஷம் கேட்கிறதுதான், வீட்டில் யார் யார், படிக்கிறது யார், எல்லாம் நல்லபடியாகச் சொன்னேன். அலாகு உங்களுக்கு என்ன உறவு என்றான். என் அப்பா என்றேன். யோசித்தா சொன்னேன், உன் பேர் என்ன என்றால் சியாசி என்கிற மாதிரி அதுவும் வாயில் வந்துவிட்டது. அப்பாவா, உங்க அப்பாவா காலேஜ்ல படிக்கிறார் என்று கேட்டான். நான் புருவத்தைத் தூக்கினேன். நம் ஊரில் புருவத்தைத் தூக்கினால் ஆமாம் என்று பச்சைக்குழந்தைக்குக்கூடத் தெரியும், ஆனால் போனில் எந்தப் புருவம் தெரியும் சொல்லு. அவன் ஹலோ ஹலோ என்று கத்தினான், அதற்குள் காற்று எழுந்து லைன் போய்விட்டது. எனக்கே சிரிப்பு வந்தது. சிமியுனியிடம் சொன்னேன், அவரும் மாமனார் பரீட்சை எழுதப் போறாராம்னு எழுதிக்கிட்டிருப்பான் என்று வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது அழுகிறோம்.

அவன் சும்மா விடவில்லை. அலாகு என்கிற பேரைத் தேடியிருக்கிறான், நம் ஊர் அலாகு ஒருத்தர் செத்துப்போனவர் என்று அவர்கள் ஏட்டில் இருக்கிறதாம், என் அப்பாதான். செத்தவர் பேரில் யாரோ அரசாங்கப் பணம் வாங்குகிறார்கள் என்று உன் பேரை மூடிவிட்டார்கள். ஊராட்சி ஆபீஸ் எலாயாசி அவர்களோடு மல்லுக்கட்டிப் பார்த்தான், பிறந்த சான்றிதழை எல்லாம் அனுப்பினான், செத்தவர் பேரைப் பிள்ளைக்கு வைத்தால் பிள்ளை அவரேதான், பெயர் வைக்கிற வழக்கம் எங்களுக்கு இப்படி ஐயா என்று கெஞ்சினான். வழக்கத்தை எழுத எங்களிடம் கட்டம் இல்லை என்றார்களாம். பெற்றவள் சத்தியம் பண்ணித் தர வேண்டும், அந்த அலாகு செத்துவிட்டார், இந்த அலாகு வேறு ஆள், எனக்கு மகள் மட்டும்தான், அவ்வளவுதான் என்றார்களாம். அவ்வளவுதானாம்!

நீ பிறந்து பால் குடிக்காமல் கத்திக்கொண்டே கிடந்தாயே, யார் தூக்கியும் அடங்காமல், அப்போது பௌலுசி சித்தப்பாதான் குனிந்து உன் காதில் அண்ணா, அலாகு அண்ணா, நீதானா என்று கேட்டார், நீ சட்டென்று அடங்கினாய், அப்படியே மார்பைப் பிடித்துக்கொண்டாய். அப்பாவைப் புதைத்த அதே குளிர்காலம். அன்றைக்கு எனக்குத் துக்கம் போனது. மாமனாருக்கு மூக்கு ஒழுகுது பாரு, துடைச்சு விடுடி என்று சிமியுனி கிண்டல் பண்ணுவார். நடக்கப் பழகின வயசிலேயே மெல்லிய பனிக்கட்டியில் போகாதே மகளே என்று என்னை நீ அதட்டினாய், ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. கடல்நாய் அடித்தால் ஈரலில் முதல் துண்டு சித்தப்பா உனக்குத்தான் வைப்பார், அண்ணனுக்கு வைக்காமல் தம்பி தின்பானா என்பார். அந்தப் பேர்தான் ஆள். இல்லை என்று சொன்னால் பேர் கோபித்துக்கொண்டு போய்விடும், பிள்ளைக்கு உடம்புக்கு வரும் என்றுதானே நாம் பயப்படுவோம். உனக்கு இருமல் ஏதாவது இருக்கிறதா, மறைக்காமல் சொல்லு.

போய்ச் சொன்னேன். என்ன பண்ணட்டும். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போன வாத்தியார் திரும்பி வரவே இல்லை, வகுப்பைப் பூட்டிவிட்டார்கள், பிள்ளைகள் பகலெல்லாம் எண்ணெய்த் தொட்டியில் கல்லெறிந்துகொண்டு திரிகிறார்கள். நம் பேச்சு பேசுகிற ஒரு வாத்தியார், குளிருக்குப் பயந்து ஓடாத ஒரு வாத்தியார் நீதான் வரப்போகிறாய் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். படிப்பை விட்டுத் திரும்பி வந்த பிள்ளைகளில் யார் மறுபடி போனது? கடையில் டப்பா அடுக்குகிறார்கள், இல்லாவிட்டால் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்கள். நீயும் அப்படிப் படுத்திருப்பதை என்னால் பார்க்க முடியாது. எலாயாசி சத்தியத்தை வரிவரியாகப் படித்தான், நான் அவன் பின்னாலேயே திருப்பிச் சொன்னேன், அலாகு என் அப்பா இல்லை என்று. என் குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னும் சத்தமாச் சொல்லுங்க அக்கா, பதிவாகணும் என்றான் அவன், அவன் கண்ணிலும் தண்ணீர். சித்தப்பா வாசல்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணன் செத்தப்ப நீ பெத்துக் குடுத்தே, இப்ப நீயே கொன்னுட்டே, இனி நான் யாருக்குடி ஈரல் வைக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனவர்தான், அதற்கப்புறம் தேநீருக்குக்கூட வீட்டுப்பக்கம் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை, எந்த முகத்தோடு கூப்பிடுவது.

இவ்வளவும் பண்ணி என்ன ஆயிற்று என்றால், பதில் வந்துவிட்டது. சத்தியம் கிடைத்தது, நன்றி, இந்த வருஷத்துக்கான முடிவெல்லாம் எடுத்தாகிவிட்டது, அடுத்த வருஷம் புதிதாகக் கேளுங்கள் என்று. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக, அரசாங்கத்தை நம்பி நான் அப்பனைக் கைவிட்டேன். பணமும் வரவில்லை, அப்பாவும் இல்லை. சிமியுனி பனிவண்டியை விற்கிறேன் என்கிறார், அதை விற்றால் வேட்டைக்கு எதில் போவார், எதைச் சாப்பிடுவோம், அப்படியும் வாங்க ஆள் இல்லை. எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை, பொய்யாகத் தைரியம் சொல்லவும் தெரியவில்லை. ஆனாலும் நீ வராதே. யார் அறையிலாவது தரையில் படு, பாத்திரம் கழுவு, பரீட்சையை மட்டும் எழுதிவிடு. வந்தால் நான் சொன்னதும் வீணாகிவிடும். பூட்ஸில் ஈரம் இருந்தால் உள்ளே காகிதம் அடைத்து வை. அங்கே ஆற்றுப் பனியை நம்பி நடக்காதே, அது நம் பனி மாதிரி இல்லை.

ஞாபகம் வைத்துக்கொள், ஆபீசிலிருந்து யாராவது கேட்டால் சியாசி என் அம்மா என்று வாய் திறந்து சத்தமாகச் சொல், புருவத்தைத் தூக்கிவிட்டு நிற்காதே. நானும் சத்தியம் பண்ணினபடியே நடக்கப் பழகுகிறேன், பண்ணின சத்தியத்தையும் பொய்யாக்கினால் எனக்கு என்ன மிஞ்சும். இதுவரை போட்ட கடிதத்தில் எல்லாம் கடைசியில் உன் ஆசியைக் கேட்டு, உன் மகள் என்றுதான் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கு நான் உன்னை ஆசீர்வதிக்க வேண்டும். எப்படி என்று தெரியவில்லை, இத்தனை வருஷம் எனக்கு அந்த வேலை இருக்கவில்லை. நன்றாக இரு மகளே, படித்து முடி. அந்தப் பேருக்குரியவர் உன்னை விட்டுப் போகாமல் இருந்தால், அவரை நான் கேட்டேன் என்று சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா
சியாசி