நேரில் வரத் தேவையில்லை

ஜூன் 15, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கடல் காற்று மதியத்துக்கு மேல்தான். மகள் மதியின் அறையில் மின்விசிறி கடகடவென்று சத்தம். எலக்ட்ரீசியனுக்குச் சொல்லவில்லை. யார் படுக்கப் போகிறார்கள்.

பெங்களூரிலிருந்து மதி போன். ஷாஜகான் கடைகளை அளந்து பார்க்கும் வேலையை அவள் கம்பெனி எடுத்துக்கொண்டதாம். காரைக்காலில் இரண்டு, திருமலைராயன்பட்டினத்தில் ஒன்று. பாத்திரம், பிளாஸ்டிக் சாமான். எட்டாம் வகுப்பு என்னிடம் படித்தவன். மகளுக்கு வேலையே இதுதான்: ஒரு நிறுவனம் தன் விற்பனை விவரங்களைப் பார்த்து முடிவெடுப்பதில் எவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறது என்று அளந்து சொல்வது. ஷாஜகான் பெயரை அவளிடம் சொன்னதே நான்தான். வேலை என்றாவது வருவாளே. போன வருஷம் மாங்கனித் திருவிழாவுக்கு வந்ததுதான் கடைசி. மாடியிலிருந்து இறைத்த மாம்பழத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள், சின்னப்பிள்ளை மாதிரி.

முதலில் கேள்விகள் அனுப்புவார்களாம். பதில் தெளிவாக இருந்தால் நேரில் வரத் தேவையில்லையாம். பூண்டு உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். சரி என்றேன்.

ஜூன் 17, புதன்

பால். வெண்டைக்காய். கண் சொட்டு மருந்து (மறந்தாயிற்று).

ஷாஜகான் கேள்விகளோடு வந்தான். "தமிழ்லதான் இருக்கு டீச்சர், ஆனா ஒண்ணும் புரியல."

புரியாமலே போனால் மதி வந்தாக வேண்டும். காபி போடும் நேரம் முழுக்க இதே யோசனை. டம்ளரோடு திரும்பினால் அதே எட்டாம் வகுப்பு முகம். சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

ஐந்து படிகளில் கடை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்கத்தான் அந்தக் கேள்விகள். மார்க்கை வைத்துச் சொன்னேன். யார் தேறுவான் என்று வாத்தியார் குத்துமதிப்பாகச் சொன்னால் முதல் படி. மார்க்கை ஒழுங்காக எழுதிவைத்தால் இரண்டு. ஏன் குறைந்தது என்று பார்த்தால் மூன்று. அடுத்த பரீட்சையில் யார் தடுமாறுவான் என்று முன்பே தெரிந்தால் நான்கு. தெரிந்து, அவனை உட்காரவைத்துப் பாடமும் நடத்திவிட்டால் ஐந்து.

"நான் எந்தப் படியில இருந்தேன் டீச்சர்?"

"நீ ஜன்னலோரத்துல இருந்தே."

சிரிப்பு அடங்க நேரமானது. சரக்குக்குக் கம்ப்யூட்டரே ஆர்டர் போடுகிறது, அதனால் தனக்கு நான்காம் படி நிச்சயம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜூன் 20, சனி

மழை வருவது மாதிரி வந்து போய்விட்டது.

மதியும் ஷாஜகானும் நேற்று போனில் பேசியிருக்கிறார்கள். பதிலெல்லாம் தெளிவு. "யாரோ நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்கம்மா" என்று சிரிக்கிறாள்.

அவனுக்குக் கிடைத்தது இரண்டாம் படி. போன வருஷம் மாங்கனி ஜூலையில். மாம்பழம் வைக்கிற தட்டும் கூடையும் அப்போது பறந்திருக்கின்றன. அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு இந்த வருஷமும் ஜூலைக்கே ஆர்டர் போட்டிருக்கிறது கம்ப்யூட்டர். ஏன் விற்றது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. மாங்கனி வருவது ஆனிப் பௌர்ணமியில்; இந்த வருஷம் அது ஜூன் 29. மதி கேட்ட பிறகுதான் அவன் காலண்டரைப் பார்த்தானாம்.

சாயங்காலம் நேரில் வந்து புலம்பல். "பெருநாள் வருஷா வருஷம் முன்னாடி முன்னாடி வருதுன்னு எனக்குத் தெரியாதா டீச்சர்? மெஷினுக்கு யார் சொல்றது?" லாரியை அவசரமாக வரவழைக்கிறான். மதிக்கு ஆயிரம் நன்றி சொல்லச் சொன்னான்.

பெங்களூரில் இருந்துகொண்டு மாங்கனித் தேதி தெரிந்துவைத்திருக்கிறாள். வேலைக்காகப் பார்த்திருப்பாள். இருக்கட்டும்.

நேரில் வரத் தேவையில்லை என்றாகிவிட்டது.

ஜூன் 23, செவ்வாய்

முழங்கால் வலி, பரவாயில்லை. கண் மருந்து வாங்கியாயிற்று.

மதி தினமும் கேட்பவை: மாத்திரை, சாப்பாடு, தூக்கம், முழங்கால். என் பதில்கள்: போட்டாச்சு, ஆச்சு, வந்துச்சு, தேவலை.

துணி மடிக்கும்போது தோன்றியது. எவ்வளவு தெளிவான பதில்கள்.

ஜூன் 24, புதன்

காலையில் கரண்ட் இல்லை. மாவு அரைக்கவில்லை.

மதி போன். "எப்படிம்மா இருக்கே?"

நல்லா இருக்கேன் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

"வந்து பாரேன்" என்றேன்.

உடம்புக்கு என்ன என்று பதறினாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன். வேறெதுவும் சேர்க்கவில்லை.

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம்.

"திங்கக்கிழமைதானேம்மா மாங்கனி?"

மின்விசிறியைப் பார்க்க எலக்ட்ரீசியன் நாளைக் காலை வருகிறார்.