முகத்தைப் பார்த்து அமுக்கு

செவ்வாய் இரவு, திருச்சி ஆஸ்பத்திரி.

பாடம் படிக்க என் வயிறு வேணும், நான் ஒண்ணு கேட்டா மட்டும் பதில் கிடையாதா டாக்டரம்மா?

காலையில் பெரிய டாக்டர் என் கட்டிலைச் சுற்றி டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளை நிறுத்தி, அதில் ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தார். "கையைத் தேய்ச்சு சூடாக்கிக்க. அமுக்கும்போது அவர் முகத்தைப் பாரும்மா."

அந்தப் பெண் விலாவுக்குக் கீழே அமுக்கினாள்.

"ஆணா, பொண்ணா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கை ஓரிடத்தில் நின்றுவிட்டது. சொன்னபடியே என் முகத்தைப் பார்த்தாள். நானும் அவள் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன்.

சாயங்காலம் தனியாக வந்தவளிடம், "கட்டிதானே?" என்றேன்.

"ஸ்கேன் வரட்டும் தாத்தா."

"உன் மூஞ்சியே சொல்லிடுச்சும்மா. வையம்பட்டியில கடலை போட்டிருக்கேன். அதைப் பிடுங்குற வரைக்குமாவது நான்..."

அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.